ஏழாவது கேள்வியும் நாற்பது கிலோ பட்டும்

இந்த வருடம் பதினோராம் வகுப்பு வணிகப் பிரிவுக்கு ஆள் எடுக்க நீங்கள் வைத்த தேர்வில் ஏழாவது கேள்வி பொய். அதற்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் விடையும் பொய். அந்த விடையை வைத்துப் பிள்ளைகளை உள்ளே, வெளியே என்று பிரித்திருக்கிறீர்கள். வணிகவியல் துறையில் இருக்கும் நீங்கள் நான்கு பேரும் இதைச் செய்திருக்கிறீர்கள்.

இதை நான் அடித்துச் சொல்ல முடியும். ஏனென்றால் அந்தக் கேள்வியை எழுதியவன் நான். பழைய கேள்வித்தாள் கட்டை அவிழ்த்து, தூசியைத் தட்டி, விலையை மட்டும் இந்தக் காலத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். எடையை மாற்றவில்லை. நாற்பது கிலோ அப்படியே இருக்கிறது. கேள்வித்தாள் என் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஓய்வு பெற்றவன் பள்ளிக்கூடத்துக்குப் புத்தி சொல்ல வந்தால் உங்களுக்கு எரிச்சல் வரும் என்று தெரியும். எனக்கும் வந்திருக்கிறது. பரவாயில்லை, எரிச்சலோடு படியுங்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் இந்தச் சின்ன காஞ்சிபுரம் பள்ளியில் சேர்ந்தேன். தட்டெழுத்தும் வணிகப் பாடமும் சொல்லிக்கொடுக்கிற வேலை. மற்ற ஆசிரியர்கள் என்னை 'மிஷின் வாத்தியார்' என்பார்கள். பிறகுதான் தபால் வழியாகப் படித்து மேல்பட்டம் வாங்கினேன். ஊர் மாகறல். அப்பா நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர். பட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணத்துக்கு அது வேண்டும் என்பதுதான்.

அந்தக் காலத்தில் ஒன்பதாம் வகுப்பிலேயே பையன்களைப் பிரிப்போம். பொதுப் படிப்பு ஒரு பக்கம். தொழில் சார்ந்த படிப்பு இன்னொரு பக்கம், அதில் நெசவு, விவசாயம், அலுவலகப் பாடம் என்று உண்டு. எதைப் பார்த்துப் பிரிப்போம் தெரியுமா? விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தைப் பார்த்து. நெசவு என்று இருந்தால் நெசவு. கூலி என்று இருந்தால் விவசாயம். கடை என்று இருந்தால் என்னிடம் அனுப்புவார்கள். பையனின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை.

ஓரிக்கையிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பா, அம்மா இருவரும் வயலில் கூலி வேலை. என் மேசை முன் வந்து நின்று, "சார், எனக்கு உங்க குரூப்பு வேணும் சார்" என்றான்.

"ஏம்பா, வியாபாரம் பண்ணப் போறியா?"

"ஆமா சார்."

"வியாபாரம்னா முதல் வேணும்பா. உங்க அப்பா கிட்ட இருக்குதா?"

அவன் என் மேசையைப் பார்த்தான். அப்புறம் தட்டெழுத்து இயந்திரத்தைக் காட்டி, "இத தட்றதுக்கு முதல் வேணுமா சார்?" என்றான்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயாடி என்று சொல்லி விவசாயத்துக்கு அனுப்பினேன். அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. இதைப் பெருமைக்கு எழுதவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

எழுபத்தெட்டில் மேல்நிலை வகுப்பு வந்தது. பதினொன்று, பன்னிரண்டு என்று இரண்டு வருடம் பள்ளியிலேயே படிக்கலாம். கணக்கும் விஞ்ஞானமும் ஒரு பிரிவு, வரலாறு ஒரு பிரிவு, வணிகம் ஒரு பிரிவு. ஊரே வணிகப் பிரிவுக்கு வந்து நின்றது. நெசவு வீட்டுப் பிள்ளைகள் பாதி பேருக்கு ஒரே ஆசை. தறிக் குழியிலிருந்து எழுந்து கடைக்குப் போய் உட்கார வேண்டும். சேலை நெய்கிறவனுக்கு ஒரு விலை, அதை விற்கிறவனுக்கு ஒரு விலை என்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். வணிகம் படித்தால் அந்தப் பக்கம் போய்விடலாம் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் தப்பில்லை.

நாற்பது இடம்தான். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு தேர்வு வையுங்க. ஐம்பது மார்க்கு. வியாபாரக் கணக்கா இருக்கட்டும். யாரும் வந்து சிபாரிசு பண்ண முடியாத மாதிரி விடையையும் நோட்டீஸ் போர்டுல ஒட்டிடலாம்" என்றார். நேர்மையான மனிதர். அவருடைய நேர்மையே பின்னால் எங்களைப் பிடித்து ஆட்டியது.

ஏழு கேள்வி எழுதினேன். கடைசிக் கேள்வி பத்து மார்க். காஞ்சிபுரத்துப் பிள்ளைகளாயிற்றே, பட்டில் ஒன்று கேட்போம் என்று நானே மெச்சிக்கொண்டு எழுதினேன். ஒரு வியாபாரி கிலோ முந்நூறு ரூபாய் வீதம் நாற்பது கிலோ கச்சாப் பட்டு நூல் வாங்கினார். கிலோவுக்கு இருபது ரூபாய் கொடுத்துச் சாயம் போட்டார். சாயம் போட்ட நூல் முழுவதையும் கிலோ முந்நூற்று அறுபது ரூபாய்க்கு விற்றார். அவருக்கு லாபமா, நட்டமா, எவ்வளவு?

என் விடை, லாபம் ஆயிரத்து அறுநூறு.

தாள் திருத்தும்போது ஏறக்குறைய எல்லோரும் ஆயிரத்து அறுநூறு என்று எழுதியிருந்தார்கள். தெருவுக்குத் தெரு தறி இருக்கிற ஊர்ப் பிள்ளைகள், சுலபமாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒரே ஒரு தாளில் 'நட்டம் இரண்டாயிரம்' என்று இருந்தது. அதன் கீழே, 'நாற்பது கிலோ போட்டால் முப்பது கிலோதான் வரும். இந்த விலைக்கு விற்கிற வியாபாரி அடுத்த மாதம் கடையில் இருக்க மாட்டார்' என்று ஒரு வரி.

திமிர் என்று நினைத்தேன். சிவப்பு மையில் சுழியம் போட்டேன். அந்தச் சுழியத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

தாளின் சொந்தக்காரி வேதவல்லி. எங்கள் பள்ளியிலேயே பத்தாவது முடித்தவள். ஐம்பதுக்கு இருபத்தேழு. நாற்பது பேர் பட்டியலில் அவள் இல்லை. பட்டியலில் நாற்பதாவது பெயர் ஏழுமலை, முப்பத்தொன்று. அவன் என் சொந்த அக்கா மகன். மாகறலிலிருந்து வந்து என் வீட்டில் தங்கிப் படித்தவன். அவனுக்கு நான் கேள்வியைச் சொல்லவில்லை. மார்க்கைக் கூட்டிப் போடவில்லை. அவனாக எழுதி வாங்கியதுதான். இதை அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பட்டியலும் விடைகளும் போர்டில் ஏறின. சனிக்கிழமை வேதவல்லியின் அப்பா வந்தார். முழங்கை வரைக்கும் ஊதா நிறம். அவர் சாயக்காரர் என்று அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. மகளும் கூட வந்திருந்தாள். அவர் உட்காரவில்லை.

"சார், எம் பொண்ணுக்கு சீட்டு கெடைக்கலங்கறதுக்கு வரல. அது உங்க இஷ்டம். போர்டுல நாப்பது கிலோன்னு போட்டுக்கீறீங்களே, அத இன்னான்னு கேக்க வந்தேன்."

"கணக்குங்க அது. நாற்பது கிலோ வாங்கினா நாற்பது கிலோ விக்கிறார்."

"பட்ட வேக வைக்காம சாயம் ஏறுமா சார்? சோப்பும் சோடாவும் போட்டு வேக வெச்சா அதுல இருக்குற பசை பூரா கரைஞ்சி பூடும். நாலுல ஒரு பங்கு எடை போச்சி. நாப்பது குடுத்தா முப்பது தான் குடுப்பேன். ஊர்ல எந்த சாயக்காரனும் அப்படித்தான். நீங்க நாப்பதுன்னு எழுதி ஒட்னா, மீதி பத்து கிலோவ நான் திருடிட்டேன்னு அர்த்தம் ஆவுது இல்ல?"

நான், "அப்படியெல்லாம் யாரும் நினைக்க மாட்டாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "சாயக்காரனப் பத்தி இந்த ஊரு இன்னா நெனைக்கும்னு உங்களுக்குத் தெரியாது சார். எங்க தாத்தா காலத்துலேர்ந்து நெனைச்சிக்கினு தான் இருக்குது. இப்ப இஸ்கூல்லயே எழுதிட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. "பாடத்துக்கும் பட்டறைக்கும் வித்தியாசம் இருக்குதுங்க" என்றேன். பாடப்புத்தகக் கணக்கில் தண்ணீர், சோடா எல்லாம் பார்க்க முடியாது என்றேன். அவர் கிளம்புகிறவர் போல வாசல் வரை போய்த் திரும்பினார்.

"நீங்க மாகறல் ஆளுதானே சார்?"

"ஆமா."

"ஒரு மூட்டை நெல்லு மெஷின்ல போட்டா ஒரு மூட்டை அரிசியா வருது?"

அதுவரை ஒரு வார்த்தை பேசாத வேதவல்லி, "வாப்பா, சாரு யோசிக்கணும்" என்று சொல்லி அவரை அழைத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் மறுநாள் அவருடைய பட்டறைக்குப் போனேன். பதினாறு வருடமாக அந்தத் தெருவைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. வேதவல்லிதான் தராசைப் பிடித்தாள். விறைப்பாக, மஞ்சளாக இருந்த நூலை நிறுத்துக் காட்டினாள். வெந்து, அலசி, காய்ந்து, மயிர் போல மெத்தென்று கிடந்த நூலை நிறுத்துக் காட்டினாள். அப்பா பக்கத்தில் அண்டாவைக் கிளறிக்கொண்டே இருந்தார், என்னைப் பார்க்கவில்லை. முக்கால் பங்குதான் இருந்தது. தராசைத் துடைத்து மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விளங்கிய அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஆறு நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

கேள்வி தப்பாக எழுதியதை நான் மன்னித்துவிடுவேன். தெரியாமல் எழுதினேன். அந்த ஆறு நாள் தெரிந்தே சும்மா இருந்தேன். உங்களுக்கு நான் சொல்ல வந்ததே அந்த ஆறு நாளைப் பற்றித்தான்.

காரணம் சுலபம். அந்தக் கேள்வி போனால், ஆயிரத்து அறுநூறு என்று எழுதிய எல்லோருக்கும் பத்து மார்க் போகும். முப்பத்தொன்று இருபத்தொன்று ஆகும். வேதவல்லியின் இருபத்தேழு இருபத்தேழாகவே நிற்கும். அவள் உள்ளே வருவாள். நாற்பதாவது ஆள் வெளியே போவான்.

வீட்டில் ஏழுமலை புதுக் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை அக்கா மாகறலிலிருந்து ஒரு பை வேர்க்கடலையோடு வந்தாள். பையன் பட்டியலில் வந்ததற்காக.

"தம்பி, நீ இல்லன்னா எம்புள்ள எருமைதான் மேய்க்கும்" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. அவனே எழுதினான்."

"அதான் எனக்குத் தெரியுமே. நீ பண்ணாலும் பண்ணலன்னு தான் சொல்லுவ" என்று சிரித்தாள். நான் கடலையை உரிக்க ஆரம்பித்தேன்.

புதன்கிழமை கடைத்தெருவில் ஒரு பட்டு முதலாளியைப் பார்த்தேன். வேதவல்லியின் அப்பாவிடம் சாயம் போடக் கொடுத்திருந்த நூலைத் திருப்பி வாங்கி வேறு பட்டறைக்குக் கொண்டுபோகிறார். "இன்னா சார், உங்க இஸ்கூல் கணக்குப்படி எனக்கு வருஷத்துக்கு எத்தினி கிலோ போயிருக்கும், பாருங்க" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் நூல் கை மாறிவிட்டது. வியாழக்கிழமை இன்னொருவரும் எடுத்துப் போனதாகக் கேள்விப்பட்டேன். பட்டு முதலாளிகளுக்கு உண்மை தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தவன் கையில் ஒரு பொய்யைக் கொடுத்தால் அவன் அதைக் கூலி குறைக்கப் பயன்படுத்துவான். இது எந்த வணிகப் பாடப்புத்தகத்திலும் இல்லை. என் மௌனம் ஒரு மனிதனின் பிழைப்பை நாளுக்கு நாள் தின்றுகொண்டிருந்தது. நான் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"கேள்வி தப்பு சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் கேள்வி?"

சொன்னேன். அவர் பட்டியலை எடுத்து முன்னால் வைத்தார். "நாளைக்குப் பெற்றோர் கூட்டம். இன்னிக்கு வந்து லிஸ்டைக் கிழிக்கச் சொல்றீங்களா? ஒரு பொண்ணுக்காக? அந்தப் பொண்ணு கடையில போய் உக்காரவா போவுது? வரலாறு படிக்கட்டுமே, நல்லா எழுதுது."

"பொண்ணுக்காக மட்டும் இல்ல சார்."

"நாற்பதாவது பேரு யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அதனாலதான் இத்தனை நாள் சொல்லலையா, இல்ல அப்படியும் இப்பச் சொல்றீங்களா?"

"ரெண்டும்தான் சார்" என்றேன்.

அவர் ஒரு வழி சொன்னார். கேள்வியை எடுத்துவிடலாம். மீதி நாற்பது மார்க்குக்குப் பட்டியல் போடலாம். ஆனால் ஏன் என்று யாருக்கும் சொல்லக்கூடாது. 'நிர்வாகக் காரணங்களால்' என்று ஒரு வரி போதும். "பள்ளிக்கூடம் தப்பு பண்ணிச்சின்னு ஒரு தடவை சொன்னா, அப்புறம் ஒவ்வொரு மார்க்குக்கும் வாசல்ல நிப்பாங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

அன்று மாலை ஏழுமலையிடம் சொன்னேன். அவன் அட்டை போட்ட புத்தகங்களைப் பார்த்தான். "நான் தப்பா எழுதினேனா மாமா?" என்றான். "இல்ல, நான் தப்பா கேட்டேன்" என்றேன். "அப்ப எனக்கு ஏன் மாமா போவுது?" என்றான். அக்கா இரண்டு வருடம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சனிக்கிழமை கூட்டம். பிரார்த்தனை மைதானம் நிறைய ஆட்கள். தலைமையாசிரியர் 'நிர்வாகக் காரணங்களால்' என்று படித்தார். உடனே சலசலப்பு. யாரோ பின்னாலிருந்து, "எவனோ துட்டு குடுத்துட்டான்பா" என்று கத்தினான். இன்னொருவன், "சாயக்காரன் பொண்ணு பேரு புதுசா வந்துகீது பாரு! பத்து கிலோ எங்க போச்சின்னு இப்ப தெரியுதா?" என்றான். பெரிய சிரிப்பு. வேதவல்லியின் அப்பா தூண் ஓரமாக நின்றிருந்தார். ஊதாக் கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

"துட்டு யாரும் குடுக்கல. கேள்வி தப்பு. எழுதினவன் நான். நாப்பது கிலோ வேக வெச்சா முப்பது கிலோதான் வரும், நானே பட்டறையில நின்னு எடை போட்டுப் பார்த்தேன். தெரியாம எழுதிட்டேன். தெரிஞ்சப்புறமும் ஆறு நாள் வாய மூடிக்கினு இருந்தேன். லிஸ்டுலேர்ந்து வெளிய போறது எங்க அக்கா மவன்" என்றேன்.

தலைமையாசிரியரின் முகம் கறுத்தது. திங்கட்கிழமை எனக்கு ஓலை வந்தது, விளக்கம் கேட்டு. அது கிடக்கட்டும். மைதானத்தில் அப்போதே வேதவல்லியின் அப்பா தூணை விட்டு வெளியே வந்தார்.

"சார், வாயால சொன்னீங்க, சரி. தப்ப போர்டுலதானே ஒட்னீங்க? இதையும் போர்டுல எழுதி ஒட்டிடுங்க."

ஒட்டினேன். அவர் நின்று முழுவதும் படித்துவிட்டுத்தான் போனார். எடுத்துப் போன நூல் அவருக்குத் திரும்பி வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

இத்தோடு நான் பெரிய வீரன் என்று என்னையே நினைத்துக்கொண்டேன். முதல் நாள் வகுப்பில் அந்த நினைப்பில் ஓட்டை விழுந்தது. பட்டுக் கடைக்காரர் மகன் ஒருவன், ரமேஷ் என்று பெயர், முதல் பெஞ்சில் இருந்தான். "ஏம்பா, உங்க கடையில தினமும் நூல் நிறுக்கிறாங்க. உனக்குக்கூடவா தெரியல?" என்று கேட்டேன்.

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் ஆயிரத்து அறுநூறுன்னு எழுதின?"

"உங்களுக்குத் தெரியாதுன்னும் தெரியும் சார்" என்றான்.

வகுப்பே சிரித்தது. பாதி வகுப்புக்கு அது தெரிந்திருந்தது. நெசவு வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் உண்மையைத் தெரிந்துகொண்டே பொய்யை எழுதி உள்ளே வந்திருந்தார்கள். வாத்தியாருக்கு என்ன பிடிக்குமோ அதை எழுதினார்கள். நான் வைத்த தேர்வு வியாபாரத்துக்குத் தகுதியானவர்களைப் பொறுக்கவில்லை. வாயைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர்களைப் பொறுக்கியது. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதிய ஒரே ஆளை வெளியே தள்ளியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேதவல்லி சிரிக்கவில்லை.

நீங்கள் இன்று பிள்ளைகளிடம் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். கணக்கு வரவில்லையா, வணிகம் எடு. மார்க் குறைவா, வணிகம் எடு. அப்பாவுக்குக் கடை இருக்கிறதா, வணிகம் எடு. பொண்ணா, எதையாவது எடு. வியாபாரத்துக்குப் போக நினைக்கிற பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. உன் வீட்டில், உன் தெருவில் ஒரு பொருள் எப்படிக் கை மாறுகிறது, எங்கே குறைகிறது, குறைவதை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவனுக்கு எந்தப் பாடமும் பயன்படும். ஏழுமலை வரலாறுதான் படித்தான். இப்போது மாகறல் பக்கம் நெல் வாங்கி அரிசியாக விற்கிறான். மூட்டைக்கு எவ்வளவு தவிடாகவும் உமியாகவும் போகும் என்று கண்ணாலேயே சொல்வான். வணிகப் பிரிவில் நான் பாடம் நடத்திய பலருக்கு அது வராது. அதற்காக அவனுக்கு நடந்தது நியாயம் ஆகிவிடாது.

இனி, கேள்வித்தாள் என் கைக்கு வந்த கதை.

போன வாரம் வேதவல்லி என் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாவதில் ஆங்கிலத்தில் தவறி, அடுத்த முறை எழுதித் தேறியவள். ஒரு நெசவாளர் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, மேலே வந்து, ஓய்வும் பெற்றுவிட்டாள். தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்வாள். வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தாள். தன் பக்கத்து வீட்டுப் பெண் எழுதிய தேர்வின் கேள்வித்தாளாம்.

"சார், உங்க கேள்வி இன்னும் உயிரோட இருக்குது" என்றாள்.

படித்தேன். "இந்தப் பொண்ணு என்ன எழுதிச்சாம்?" என்று கேட்டேன்.

"முப்பதுன்னு எழுதிக்கீது. சைபர் போட்டுக்கீறாங்க. சீட்டு இல்லன்னுட்டாங்க."

"நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேனேம்மா. போர்டுலகூட ஒட்டினேனே" என்றேன். என்னை நானே தேற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

அவள் தாளை என் மடியிலிருந்து எடுத்தாள். "கேள்வி தப்புன்னு எடுத்தீங்க சார். நான் எழுதினது சரின்னு எங்க போட்டீங்க? தெரியாதவனுக்கும் இல்ல, தெரிஞ்சி பொய் எழுதினவனுக்கும் இல்ல, எனக்கும் இல்லன்னு ஒரே மாதிரி ஆக்கிட்டீங்க. அந்தப் பத்து மார்க்கு எனக்கு இன்னும் வரல."

"உனக்கு சீட்டு கெடைச்சுதேம்மா."

"சீட்டு கெடைச்சிது. மார்க்கு கெடைக்கல. ரெண்டும் ஒண்ணா சார்?"

இத்தனை வருடம் கழித்து ஒரு பெண் வந்து மார்க் கேட்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது முழுக்கச் சரி. சரியாக எழுதியவளுக்கு மார்க் போட்டிருந்தால், ஆயிரத்து அறுநூறு எழுதிய அத்தனை பேருக்கும் சுழியம் போட்டிருக்க வேண்டும். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தாளிலும் சிவப்புச் சுழியம் விழுந்திருக்கும். முதலாளிகள் வாசலில் நின்றிருப்பார்கள். அதற்குப் பயந்துதான் கேள்வியை எடுத்தோம். எடுத்ததால் கேள்வியின் மேல் சிவப்புக் கோடு விழவில்லை. பழைய கேள்வித்தாள் கட்டுக்குள் சுத்தமாகக் கிடந்தது. நீங்கள் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்திக்கொண்டீர்கள். இந்தத் தப்பில் அந்தப் பாதிக்கு நான் பொறுப்பு.

அதனால் என் பங்கை இங்கே முடிக்கிறேன். வேதவல்லி, ஏழாவது கேள்வி, விடை: முப்பது கிலோ, நட்டம் இரண்டாயிரம். பத்துக்குப் பத்து. மொத்தம் முப்பத்தேழு. திருத்தியவன்: மிஷின் வாத்தியார்.

இப்போது உங்கள் பங்கு. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். நானும் வருகிறேன், முன் வரிசையில் உட்காருவேன். வேதவல்லியும் வருவாள், பக்கத்து வீட்டுப் பெண்ணும் வருவாள். தேர்வுத் தாள்கள் உங்கள் பீரோவில்தான் இருக்கின்றன. நீங்கள் நால்வரும் மேடை ஏறி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஏழாவது கேள்விக்கு முப்பது கிலோ என்று எழுதியவர்கள் யார் யார்? அவர்களுக்கு எத்தனை மார்க் போட்டீர்கள்? இப்போது எத்தனை போடப் போகிறீர்கள்? பெயர் பெயராகப் படியுங்கள். கேள்வியை எடுத்துவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது நான் சொன்ன பதில். வேறு பதில் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.